ப்ரோனா வைத்த கஞ்சி

"ஏன்யா, கஞ்சியில தவளையா கிடக்கு? இப்படி முறைச்சுப் பார்க்கற!" என்றாள் ப்ரோனா.

லோர்கன் கரண்டியைத் தொடவில்லை. கிண்ணத்தில் இருந்த ஓட்ஸ் கஞ்சியில் ஆவி பறந்துகொண்டிருந்தது. மேலே ஒரு கட்டி வெண்ணெய் மெதுவாக உருகியது. நேற்றுக் காலையிலிருந்து பட்டினி. வயிறு அவனைக் கெட்ட வார்த்தையில் திட்டியது.

எதிரே உட்கார்ந்திருப்பது அவன் மனைவிதான். அல்லது, மனைவி மாதிரி ஒன்று.

போன வருஷம் ப்ரோனாவைக் குன்றுக்காரர்கள் கொண்டுபோய்விட்டார்கள். ஊருக்கு வெளியே, புல் மூடிய குன்றுக்குள் குடியிருக்கும் அந்த மாயக் கூட்டத்தை ஊரில் எல்லோரும் 'நல்லவங்க' என்றுதான் சொல்வார்கள். பெண்டாட்டியைத் தூக்கிக்கொண்டு போனாலும் நல்லவங்கதான். காதில் விழுந்துவிட்டால் என்ன செய்வது?

நவம்பர் பிறப்பதற்கு முந்தின இரவு, அவர்கள் குதிரையேறி ஊர்வலம் போவார்கள். போனவர்களை மீட்க அந்த ஒரு ராத்திரிதான். நேற்று நாற்சந்தி வேலிக்குப் பின்னால் ஒளிந்திருந்த லோர்கன், வெள்ளைக் குதிரை மேல் வந்த ப்ரோனாவை இடுப்பைக் கட்டிப்பிடித்து இழுத்தான். இருவரும் சேற்றில் விழுந்தார்கள். ஒரு வருஷப் பிரிவுக்குப் பிறகு சேர்ந்த தம்பதியின் முதல் அணைப்பு அது.

பிறகு மூடுபனி. தன் கையே தனக்குத் தெரியாத பனி. "வா, எனக்கு வழி தெரியும்" என்று அவள்தான் கைபிடித்துக் கூட்டிவந்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் அவன் அசந்து தூங்கிவிட்டான். விழித்தால், முன்னால் கஞ்சி.

பக்கத்து நிலத்து ஃபெலிம் முன்பே எச்சரித்திருந்தான். "கடைசி நேரத்துல ஆளை மாத்திடுவாங்கடா. அதே முகம், அதே குரல். நிஜமா உன் பொண்டாட்டிதானான்னு தெரியாம அவ கையால ஒரு வாய்கூடத் தின்னாத. நல்லவங்க சோத்தைத் தின்னவன் எவனும் திரும்பி வந்ததில்ல." ஃபெலிமுக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆகவே பெண்டாட்டிகளைப் பற்றி அவனுக்கு எல்லாம் தெரியும்.

"நீ ப்ரோனாதானா?" என்றான் லோர்கன்.

"இல்ல, இங்கிலாந்து மகாராணி. கிரீடத்தைச் சேத்துல விட்டுட்டேன்."

"விளையாடாத புள்ள. கையை நீட்டு."

பையிலிருந்து ஒரு குதிரை லாடத்தை எடுத்து அவள் உள்ளங்கையில் அழுத்தினான். இரும்பு பட்டால் நல்லவங்களின் தோல் பொசுங்கிவிடும். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"எவ்வளவு நேரம் வச்சிருக்கணும்? இல்ல, கழுத்துல மாட்டிக்கட்டுமா?"

லோர்கன் சிரிக்கவில்லை. "நம்ம சம்பந்தம் பேசினப்போ உங்கப்பா என் தொழுவத்தைப் பார்க்க வந்தாரே. எத்தனை மாடு நின்னுச்சு?"

"ஆறு. அதுல நாலு ஃபெலிமோடது. எங்கப்பா முன்வாசல்ல கால் வைக்கறப்போ பின்பக்கமா ஓட்டிட்டு வந்தீங்க. ஒண்ணு இன்னும் மூச்சு வாங்கிட்டு நின்னுச்சு." அவள் உதட்டைச் சுழித்தாள். "தெரிஞ்சுதான்யா உன்னைக் கட்டிக்கிட்டேன்."

கல்யாணத்தன்று ராத்திரி இதே வார்த்தைகளைச் சொல்லித்தான் அவன் மானத்தை வாங்கினாள். வேறு ஒருவருக்கும் தெரியாது.

லோர்கன் சுற்றிலும் பார்த்தான். ஒரு வருஷமாக அவன் பாடுபட்டுச் சேர்த்த அழுக்கு ஒரு துளிகூட இல்லை.

"இதெல்லாம் எப்ப பெருக்குன?"

"நீ குறட்டை விடறப்போ. பன்னிகூட இருக்காதுய்யா அப்படி ஒரு வீட்டுல." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அங்கே… உன்னை அடிச்சாங்களா?"

"சேச்சே. தினம் விருந்து, பாட்டு, ஆட்டம். ஒருத்தரும் ஒரு வார்த்தை கடுமையா பேச மாட்டாங்க. சண்டை போட ஒரு ஆள் இல்லாம செத்துட்டேன், லோர்கன்."

இதை வேறு எவளாலும் சொல்ல முடியாது. அவன் கரண்டியை எடுத்தான். சட்டென்று அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். விரல்கள் சில்லென்றிருந்தன.

"என்ன?"

அவள் கஞ்சியையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஒண்ணுமில்ல. சூடா இருக்கு. ஊதிச் சாப்பிடு." விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தாள்.

லோர்கன் ஊதவில்லை. கிண்ணத்தை வழித்து நக்கிவிட்டுத்தான் நிமிர்ந்தான். ப்ரோனாவின் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"இப்ப எதுக்கு அழுவுற? அதான் நீதான்னு நம்பிட்டேனே!"

"நம்பினது தப்பில்லய்யா. சத்தியமா நான்தான்." அவள் காலிக் கிண்ணத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "வந்த அன்னிக்கே பசி தாங்காம நானும் இதைக் குடிச்சுட்டேன். அதுக்கப்புறம் நீ எவ்வளவு தூரம் இழுத்துட்டுப் போனாலும், பொழுது விடியறதுக்குள்ள இங்கேதான் திரும்பியாகணும். தனியா முடியலய்யா… என்னை மன்னிச்சுடு."

அவன் வாயைத் திறப்பதற்குள் கூரைக்கு மேலே காலடிச் சத்தம் கேட்டது. ஊர்க்காரர்கள் ஈரப் புல்லை மிதித்தபடி, "லோர்கன்! லோர்கன்!" என்று கூவிக்கொண்டே குன்றைத் தாண்டிப் போனார்கள்.