மயிலைக்காளையின் வெண்கல மணிகள்

விண்ணுக்குப் போகவிருந்த செயற்கைக்கோளின் வானொலிக் குரல் தெளிவாகக் கேட்கிறதா என்று விஞ்ஞானிகள் திறந்தவெளியில் வைத்துச் சோதித்தார்கள். முதலில் ஜீப்பில் ஏற்றினார்கள். ஜீப்பின் இரும்பு அந்தக் குரலைக் குழப்பியது. அதனால் ஒற்றை மாட்டு மரவண்டி வரவழைக்கப்பட்டது. வண்டிக்காரர் இதையும் ஒரு சாமி ஊர்வலமாகவே எண்ணி, மயிலைக்காளையின் கழுத்து நிறைய வெண்கல மணிகளைக் கட்டியிருந்தார்.

“இரும்பு உடம்புக்கு இந்தப் பேறு ஏது?” என்று காளை ஜீப்பைப் பார்த்துச் செருமியது.

ஆனால் குரல் இப்போதும் குழம்பியது. வெண்கலமும் உலோகம்தானே என்று விஞ்ஞானிகள் காளையின் கழுத்து மணிகளை உற்றுப் பார்த்தார்கள்.

“என்ன மச்சான், மாட்டிக்கொண்டாயா?” என்று ஜீப் சிரித்தது.

காளை கொம்பை ஆட்டி ஒருவரையும் அண்டவிடவில்லை. மணியோசை இல்லாமல் அது எந்தத் தெருவிலும் நடந்ததில்லை.

“அண்ணே, இன்று என் குரல் சரியாகக் கேட்காவிட்டால் என்னைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள்” என்றது வண்டியிலிருந்த செயற்கைக்கோள்.

காளை கொம்பை ஆட்டுவதை நிறுத்தியது. பிறகு கழுத்தைத் தாழ்த்திக் கொடுத்தது.

மணிகளை அவிழ்த்த பின் வண்டி ஓசையின்றி நகர்ந்தது. தொலைவிலிருந்த கருவியில் செயற்கைக்கோளின் குரல் ‘டிங், டிங்’ என்று பிசிறில்லாமல் ஒலித்தது.

“அது யாருடைய மணி?” என்று கேட்டது ஜீப்.

“என்னுடையதுதான்” என்றது காளை, திரும்பிப் பாராமல்.