எழும்பாத ஏழு நிமிடம்

திரை நின்றுவிட்டது.

பரமட்டாவில் ஒன்பதாம் மாடி, காலை பத்தேகால். மேசையின் ஒரு பக்கம், மேற்கு சிட்னியில் இருபத்திரண்டு முதியோர் இல்லங்கள் நடத்தும் நிறுவனத்தின் மேலதிகாரிகள் ஐந்து பேர். மறுபக்கம், அவர்களுக்குச் செயலி விற்க வந்த கம்பனியின் சார்பில், மடிக்கணினியோடு ராகவி. கடைசிக் கதிரையில் சுஜீவா.

கம்பனி சுஜீவாவுடையது. தாதிமாருக்கு வேலைநேரம் பிரித்துக் கொடுக்கும் செயலி ஒன்றை, ஆறு வருடத்துக்கு முன் குவேக்கர்ஸ் ஹில்லில் தன் வீட்டுக் கராஜில் இருந்து அவளே எழுதத் தொடங்கினாள். இன்று அவளிடம் பதினான்கு பேர் வேலை செய்கிறார்கள். இந்த இருபத்திரண்டு இல்லங்களின் ஒப்பந்தம் கைகூடாவிட்டால் அவர்களில் ஐந்து பேரை வீட்டுக்கு அனுப்பவேண்டி வரும். அந்த ஐந்து பெயரும் அவளுக்கு மனப்பாடம்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. எதிரே இருந்த ஓர் அம்மா, ஒரே ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று தாதிமார் சுகமில்லை என்று போன் எடுத்தால் உங்கள் செயலி என்ன செய்யும் என்று கேட்டாள். ராகவி மூன்று பெயரை அழித்துக் காட்டினாள். அதோடு சரி. வெள்ளைத் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

ராகவி திரும்பிச் சுஜீவாவைப் பார்த்தாள்.

பார்க்காமல் என்ன செய்வாள்? முன்பெல்லாம் இந்த இடத்தில்தான் சுஜீவா எழும்பி வருவாள். "தள்ளும், நான் பாக்கிறன்" என்பாள். கதிரை பறிபோகும், மடிக்கணினி பறிபோகும், பத்து நிமிடத்தில் பிழையும் போய்விடும். கந்தோரில் வேலை செய்கிறவர்கள் பகிடிக்கு அவளுக்கு வைத்த பெயரே 'தள்ளும் அக்கா'.

பிழையோடு சேர்ந்து ஆட்களும் போனார்கள். போன வருடம் ஒரே மாதத்தில் இரண்டு பேர், இரண்டு பேரும் கெட்டிக்காரர்கள். இங்கே நான் எழும்பி இடம் விடத்தான் பழகினேன் என்று அதில் ஒருவன் மரியாதையாகவே சொல்லிவிட்டுப் போனான்.

அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது. மெல்பேர்ணில் இருக்கும் முதலாளிமாருக்கான ஒரு பயிற்சியாளரிடம் சுஜீவா வாராவாரம் பாடம் கேட்டாள். ஒருவர் பேசி முடித்த பிறகு மனதுக்குள் பத்து வரை எண்ணினாள். கூட்டங்களில் கடைசியாகப் பேசப் பழகினாள். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். அவளும் முயற்சியை விடுவதாக இல்லை.

இன்று அவள் எழும்பவில்லை.

தலையைக் குனிந்து, கைகளை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். பார்த்தவர்களுக்குக் கோயிலில் இருக்கிறவள் போலத்தான் தெரிந்திருக்கும்.

ராகவி ஒரு மிடறு தண்ணீர் குடித்தாள். நிற்கக்கூடாது, நின்றுவிட்டது என்று எதிரே இருந்தவர்களிடம் நேராகச் சொன்னாள். ஞாயிறு காலையில் இப்படி நின்றால் உங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள் என்பதையும் பார்த்துவிடுங்கள் என்று, தன் கைபேசியை எடுத்து அந்த அம்மாவிடம் கொடுத்தாள். இணைய இணைப்பு இல்லாமலே அன்றைய பட்டியல் முழுவதும் அதில் இருந்தது. யார் யாரைக் கூப்பிடலாம் என்ற பெயர்களும் இருந்தன. அவர்கள் அதைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்துக்கொண்டிருக்க, இவள் குனிந்து பிழையைத் தேடிப் பிடித்தாள்.

ஏழு நிமிடம். வட்டம் மறைந்து பட்டியல் வந்தது. மூன்று பேருக்கும் மாற்று ஆட்கள் வந்து நின்றார்கள்.

சுஜீவாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. தான் எழும்பியிருந்தால் பிழையைத் திருத்தியிருப்பாள், அவ்வளவுதான். கைபேசியைத் தூக்கிக் கையில் கொடுக்கும் புத்தி தனக்கு வந்திராது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

எதிர்ப்பக்கத்துத் தலைவர் முதலில் ராகவிக்குத்தான் கைகொடுத்தார். செப்டெம்பரில் தொடங்கலாம் என்றார். பிறகு சுஜீவாவிடம் திரும்பி, இவ்வளவு அமைதியான முதலாளியை நான் கண்டதே இல்லை என்றார்.

லிஃப்டில் ராகவிக்குக் கண் கலங்கியிருந்தது.

"நீங்க எந்திரிச்சு வந்துருவீங்கன்னுதான் நெனச்சேன் அக்கா. என்னை இவ்ளோ நம்புவீங்கன்னு நெனைக்கல."

"உம்மை நம்பாமல் வேற ஆரை நம்புறது?" என்றாள் சுஜீவா.

கீழே ராகவி கோப்பி வாங்கப் போன பிறகுதான் அவள் தன் கைபேசியை வெளியே எடுத்தாள்.

அந்த ஏழு நிமிடத்தில், மேசைக்குக் கீழே, அவள் மூன்று தரம் தன் கடவுச்சொல்லை அடித்திருந்தாள். மூன்று தரமும் செயலி அவளை உள்ளே விடவில்லை. எப்படி விடும்? என் குணம் எனக்குத் தெரியும், நான் உள்ளே போகிற வழியை அடைத்துவிடுங்கள் என்று கம்பனியின் சேர்வர் கணினிகளைப் பார்க்கும் வரதராஜாவிடம் மூன்று வாரத்துக்கு முன் கேட்டவளே அவள்தான். கடைசியில் அவருக்கே, "அவசரம், உடனே திறவுங்கோ" என்று எழுதியிருந்தாள்.

இப்போது பதில் வந்திருந்தது.

"தங்கச்சி, கால்ல விழுந்து கேட்டாலும் திறக்கவேண்டாம் எண்டு சொன்னது நீர்தான்."

சுஜீவா தெருவென்றும் பாராமல் சிரித்தாள். ராகவியை மட்டுமா, இந்த மனுசனையும் வேலைக்கு எடுத்தது அவள்தான்.