அறுபது டிகிரி

"சிஸ்டர், அந்த பாட்டிலை மாட்டாதீங்க!"

கட்டிலுக்குக் குறுக்கே வந்து நின்றார் கணவர். நர்ஸ் கையில் மருந்தோடு அப்படியே நின்றுவிட்டாள்.

கட்டிலில் கிடந்த மனைவிக்குக் கால் இரண்டும் தூண் மாதிரி வீங்கியிருந்தன. சிறுநீரகம் பழுதாகி, ரத்தத்தில் இருக்க வேண்டிய புரதமெல்லாம் வெளியே போய்க்கொண்டிருந்தது. நீர் நுரையீரலில் ஏறுவதற்குள் ஆல்புமின் என்ற அந்தப் புரதத்தை ஏற்றியாக வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார் டாக்டர்.

"வேற கம்பெனி மருந்து இல்லையா?"

"இது ஒண்ணுதான் இருக்கு. இதுக்கு என்ன குறைச்சல்? கலங்கல் இல்ல, சீல் உடையல."

"மனுஷ ரத்தத்துலேர்ந்து எடுக்கிறதுதானே?"

"ஆமா சார். ஆயிரக்கணக்கான பேரோட ரத்தத்துல இருக்கிற பிளாஸ்மாங்கிற மஞ்சள் நீர்லேர்ந்து பிரிக்கிறது. குடுக்கிற ஒவ்வொருத்தரையும் சோதிச்சுத்தான் எடுப்பாங்க. அதுக்கும் மேல அறுபது டிகிரி சூட்டுல பத்து மணி நேரம் வைப்பாங்க. கிருமி தாங்குமா?"

"பத்து மணி நேரமும் சூடு குறையாம இருந்துச்சுன்னு யாரு கண்டா?"

"அதுக்குன்னே ஒரு ஆளு கண்கொத்திப் பாம்பு மாதிரி மீட்டரையே பாத்துக்கிட்டு இருப்பாராம் சார்!"

கணவருக்கு வியர்த்துவிட்டது. "வயிறு நிறைஞ்சா பாம்பே சுருண்டு படுத்துக்கும் சிஸ்டர்."

"யோவ்!" மூச்சு வாங்கியது மனைவிக்கு. "மூணு தலையணை வச்சும் படுக்க முடியல. வழியை விடுய்யா. நீ பண்ற அலும்புல இன்னும் ரெண்டு சுத்து வீங்கிடப் போறேன்."

"உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் என்னடி பண்ணுவேன்?"

"சமைக்கக் கத்துக்குவே."

நர்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கணவர் சிரிக்கவில்லை. பாட்டிலை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினார். தயாரித்த தேதியை வாய்விட்டுப் படித்தார். இரண்டாவது முறையும் படித்தார். முகம் பளிச்சென்று ஆகிவிட்டது.

"மாட்டுங்க சிஸ்டர்! தாராளமா மாட்டுங்க!"

"தேதியில அப்படி என்ன சார் இருக்கு?"

அவர் தலையைச் சொறிந்தார். மனைவிதான் கையை நீட்டிக்கொண்டே சொன்னாள்:

"அந்தக் கம்பெனியில மீட்டர் பாக்கிற ஆளே இவருதான் சிஸ்டர். அன்னிக்கு என் தங்கச்சி கல்யாணம்னு லீவு போட்டிருந்தாரு!"