வலது காது

ஒரே கட்டையைத்தான் அழுத்தினாள். இரண்டு ஸ்வரம் கேட்டது.

விரலை எடுத்தாள். மறுபடி அழுத்தினாள்.

இடது காதில் சரியாக விழுந்தது. வலது காதில் அதே ஸ்வரம் இறங்கி, தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோல் வந்தது.

கீபோர்டின் சின்னத் திரையைப் பார்த்தாள். சுருதி மாற்றும் பொத்தானில் யாரோ கை வைத்திருப்பார்கள். அப்படித்தான் இருக்க வேண்டும்.

பூஜ்யம் காட்டியது திரை. யாரும் தொட்டிருக்கவில்லை.

மேடையின் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் கல்லூரிப் பிள்ளைகள் விசிலடித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் தொபியாஸ் பேஸ் கிட்டாரை மாட்டிக்கொண்டு நின்றான். பல வருடமாக அவளோடு வாசிப்பவன்.

"தொபியாஸ், சுருதி சேருதா உனக்கு?"

"பக்காவா இருக்குக்கா. ஏன்?"

"சும்மாதான்."

வலது காதை விரலால் அடைத்துக்கொண்டு ஒரு முறை வாசித்தாள். சரி.

இடது காதை அடைத்துக்கொண்டு ஒரு முறை.

கையை இறக்கிவிட்டாள்.

காலையில் ரயிலிலிருந்து இறங்கும்போதே காது அடைத்தாற்போல இருந்தது. ஜன்னல் காற்று, ஜலதோஷம் என்று நினைத்திருந்தாள். இந்த நிமிடம் வரை அப்படியே நினைத்திருந்தாள்.

உள்ளங்கை வேர்த்தது. சேலையில் துடைத்தாள். மறுபடி வேர்த்தது.

இந்த வேலையை அவள் கேட்டு வாங்கவில்லை.

நாற்பது வருடத்துக்கு முன் பெரம்பூர் வீட்டில் ஒரு காலை. வாசலில் ரெக்கார்டிங் கம்பெனி வண்டி. கீபோர்டு வாசிக்க அண்ணன் ரூபனை அழைத்துப்போக வந்திருந்தார்கள். அவனோ மஞ்சள் காமாலையில் சுருண்டு கிடந்தான். சொல்லி அனுப்பத்தான் அவள் வாசலுக்குப் போனாள்.

"நீ வாசிப்பியாம்மா?"

"ஞாயித்துக்கிழமை சர்ச்சுல மட்டும் வாசிப்பேன் சார்."

"ஏறு."

வீட்டுச் செருப்போடு ஏறினாள். மறுநாள் நர்சிங் படிக்க வேலூருக்குப் போக வேண்டியவள். பெட்டி கட்டித் தயாராக இருந்தது. மறுநாளும் வண்டி வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது. அப்பா பெட்டியைப் பிரித்து, துணிகளை அலமாரியில் திரும்ப வைத்தார்.

அப்புறம் யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. அவளும் கேட்டுக்கொள்ளவில்லை. ஸ்டூடியோ, கல்யாண மண்டபம், கோயில் திருவிழா, வெளிநாட்டுக் கச்சேரி. கூப்பிட்ட இடத்துக்குப் போனாள். உட்காரச் சொன்ன இடத்தில் உட்கார்ந்தாள். இதெல்லாம் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

இப்போது நினைத்தாள்.

திரை விலகியது.

முதல் பாட்டுக்குத் தாளம் கிடையாது. அவள் சில ஸ்வரங்கள் வாசிப்பாள். பாடகி மிருணாளினி அதைப் பிடித்துக்கொண்டு பாடத் தொடங்குவாள். அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். அரங்கமே மௌனமானது.

தொடங்கினாள்.

ஒவ்வொரு ஸ்வரமும் உள்ளே இரண்டாக உடைந்தது. எது நிஜம் என்று தேடினால் விரல் தடுமாறியது. தன் பக்கத்து ஸ்பீக்கரின் சத்தத்தைக் குறைத்தாள். இன்னும் குறைத்தாள்.

காதை நம்பாதே. கையை நம்பு.

கை போனது. இருட்டில் சொந்த வீட்டுக்குள் நடப்பதுபோல் போனது.

மிருணாளினி வாயைத் திறந்தாள். அவள் குரலும் இரண்டாகத்தான் வந்தது. ஆகவே கேட்பதை விட்டுவிட்டு, அந்தப் பெண்ணின் தொண்டையையே பார்த்தாள். தொண்டை ஏறி இறங்கும் இடத்தில் ஸ்வரத்தை மாற்றினாள். மூச்சு வாங்கும் இடத்தில் நிறுத்தினாள். யாருக்கும் தெரியவில்லை.

பாட்டு முடிந்தது. கைதட்டல் ஒரு பக்கமாக மட்டும் வந்தது.

நிகழ்ச்சித் தொகுப்பாளர் மைக்கோடு வந்து அவளுக்கு வலப் பக்கம் நின்றார். ஏதோ கேட்டார். அவள் முகத்தை முழுவதுமாகத் திருப்பி இடது காதைக் கொடுத்தாள்.

"பியூலாம்மா, நாப்பது வருஷத்துக்கு மேல கீபோர்டு. சின்ன வயசுலயே மியூசிக்தான்னு முடிவு பண்ணிட்டீங்களா?"

எல்லா மேடையிலும் கேட்கும் கேள்வி. எல்லா மேடையிலும் அவளுக்கு ஒரே பதில். எங்கண்ணனுக்குக் காமாலை வராம இருந்திருந்தா நான் இந்நேரம் ஹெட் நர்ஸா ரிடையர் ஆகியிருப்பேன். உடனே சிரிப்பலை எழும். அவளும் சிரிப்பாள்.

தொபியாஸ் இப்போதே புன்னகைத்துக்கொண்டிருந்தான்.

அவள் வாயைத் திறந்தாள். வேறு பதில் வந்தது.

"நான் முடிவு பண்ணல," என்றாள். "ஆனா... இன்னும் கொஞ்ச நாள் வாசிக்கணும்."

தொகுப்பாளர் தன்னடக்கம் என்று ஏதோ சொல்லிக் கைதட்டச் சொன்னார். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

தொபியாஸின் புன்னகை மறைந்தது. அவளையே பார்த்தான். அவள் சத்தம் குறைத்துவைத்த ஸ்பீக்கரைப் பார்த்தான். பிறகு பக்கத்தில் வந்து குனிந்தான்.

"எந்தக் காதுக்கா?"

அவள் தொட்டுக் காட்டினாள்.

அவன் கிட்டாரின் வயரை இழுத்துக்கொண்டு அவளைச் சுற்றிப்போய், இடப் பக்கம் ஒட்டி நின்றான்.

"இது முடிஞ்சதும் நேரா ஆஸ்பத்திரி."

தலையசைத்தாள்.

டிரம்மர் குச்சிகளைத் தட்டினார்.

பயம் அப்படியேதான் இருந்தது. பாட்டு தொடங்க இன்னும் ஒரு தட்டு இருக்கும்போதே அவள் கை கட்டைகளின் மேல் இறங்கியிருந்தது.