பனிக்குத் தாங்குமா இந்த டயர்?

“இது என் டயரே இல்லை மேடம்.”

ஸ்லாட்கோ இப்படிச் சொன்னதும் இன்சூரன்ஸ் சர்வேயர் யாஸ்னா நிமிர்ந்து பார்த்தாள். முன்பக்கம் அப்பளமாக நொறுங்கிய கார், அவன் வீட்டு வாசலில் பனிக்கு நடுவே நின்றது.

நாலு நாள் முன்னால் டெல்னிட்சே மலைப்பாதையில் மான் ஒன்று குறுக்கே பாய, கார் மரத்தில் போய் மோதியது. ஸ்லாட்கோவுக்கு மணிக்கட்டு முறிந்ததோடு போயிற்று. ஆனால் மலைக் கிராமங்களுக்கு ரொட்டி கொண்டு போடுகிறவனுக்குக் கார் இல்லையென்றால் வேலையும் இல்லை. இன்சூரன்ஸ் பணம் வந்தால்தான் அடுத்த கார்.

“கட்டுப் போட ரியேகா ஆஸ்பத்திரியில ரெண்டு நாள் இருந்தேன். அந்த நேரம் பாத்து எவனோ நாலையும் மாத்தியிருக்கான்.”

யாஸ்னா பையிலிருந்து ரெண்டு யூரோ நாணயத்தை எடுத்து டயர் பள்ளத்தில் செருகினாள். நாணயத்தின் வெள்ளி விளிம்பு உள்ளே மறையாமல் வெளியே பளபளத்தது.

“நாலு மில்லிமீட்டர் பள்ளம்கூட இல்லை. பேருக்குத்தான் பனி டயர். இதை மாட்டிக்கிட்டு பனியில போயிருந்தா, கம்பெனி கையை விரிச்சிடும்.”

ஸ்லாட்கோ பயப்படவில்லை. “பாலிசியை வரி விடாமப் படிச்சிட்டுத்தான் மேடம் நான் டயரே வாங்கினேன். ஆல் சீசன் டயர். மலையும் பனிப்பூவும் போட்ட முத்திரை இருக்கு. அது இருந்தா பனி டயருக்குச் சமம்தானே?”

“சமம்தான். ஆனா அந்த டயர் எங்கே?”

குனிந்து பார்த்தான். முன் டயரில் வெள்ளையாக ஒரு கீறல். போன வருஷம் பக்கத்து வீட்டு ஃபெர்டோ கல்லில் ஏற்றி வாங்கின கீறல் அது. ரெண்டு வீட்டிலும் ஒரே மாடல் கார்.

அவனுக்குச் சுருக்கென்றது. புது டயர் மாட்டின நாளிலிருந்து ஃபெர்டோ அவனைச் சும்மா விட்டதில்லை.

“கோடைக்கும் அதுதான், குளிருக்கும் அதுதானா? அப்ப நீ கோட்டுக்கும் ஜட்டிக்கும் ஒரே துணிதான் போடுறியா?” என்று ஊர் காபிக்கடையில் வைத்தே கேட்ட மனுஷன். ‘உங்களுக்குச் சொன்னா புரியாதுண்ணே’ என்று சிரித்துவிட்டு வந்துவிடுவான் ஸ்லாட்கோ. ஒரு நாளும் உட்கார்ந்து விளக்கினதில்லை.

அந்த ஃபெர்டோ இப்போது வேலியோரம் வந்து நின்றார்.

“நான் தினம் பாக்குறேன்மா. இவன் டயரேதான் இது. நல்ல பனி டயர்” என்றவர், ஸ்லாட்கோவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

எடுத்ததும் இல்லாமல் நக்கல் வேறு. ஸ்லாட்கோ வேலியைத் தாண்டி நேராக அவருடைய கொட்டகைக்குப் போனான். யாஸ்னாவும் பின்னாலேயே வந்தாள்.

மூலையில் கம்பளி போர்த்தி நாலு டயர் அடுக்கியிருந்தது. அவனுடையதேதான்.

யாஸ்னா முத்திரையைத் தடவிப் பார்த்தாள். நாணயத்தைச் செருகினாள். விளிம்பு முழுசாக மறைந்தது. விபத்து நடந்த இடத்தில் போலீஸ் எடுத்த படத்தையும் போனில் ஒத்துப் பார்த்தாள்.

“படத்துல இருக்கிறதும் இதேதான். உங்க இன்சூரன்ஸ் செல்லும்.”

“அப்படியே திருட்டுன்னும் எழுதிக்குங்க மேடம். வாயால நொட்டை சொல்றது, கண்ணெல்லாம் அது மேல. போலீஸைக் கூப்பிடுறேன்.”

ஃபெர்டோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அவனைப் பார்க்கவில்லை. யாஸ்னாவிடம்தான் பேசினார்.

“அந்த முத்திரை இருந்தாப் போதுமாம்மா? இவனுக்குப் பணம் வந்துடுமா?”

“வந்துடும்.”

“நிச்சயமா?”

“நிச்சயமா.”

“அப்ப சரி. நான்தான் எடுத்தேன்னு எழுதிக்கோ.” அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி.

யாஸ்னா பேனாவைத் திறக்கவில்லை. கொட்டகையின் உள்பக்கத்தைக் காட்டினாள். “ஆசைப்பட்டு எடுத்தவர், தன் வண்டியில மாட்டலையே?”

ஸ்லாட்கோ அப்போதுதான் பார்த்தான். ஃபெர்டோவின் கார் நாலு மரக்கட்டை மேல் சக்கரமில்லாமல் உட்கார்ந்திருந்தது. அவருடைய பூட்ஸும் கால்சட்டையும் முழங்கால் வரை நனைந்திருந்தன. அவர் வேலை பார்க்கும் மர மில் ஆறு கிலோமீட்டர் தூரம்.

“ஏண்ணே?” என்றான்.

“இந்த ரெண்டுங்கெட்டான் டயரைப் பாத்தா பணம் தர மாட்டாங்கன்னு நெனச்சேன். பணம் வரலைன்னா உன் ரொட்டி வேலை என்னாகும்? அதான் என்னோடதைக் கழட்டி மாட்டினேன். தேஞ்சிருக்குன்னு தெரியலைடா. கண்ணைக் காட்டினாலாவது நீ வாயை மூடுவியேன்னு பாத்தா, மூடலை.”

ஸ்லாட்கோவுக்கு வெட்கமாக இருந்தது. பாலிசியை வரி விடாமல் படித்தவன், வேலிக்கு அந்தப்பக்கம் இருந்த மனுஷனைப் படிக்காமலே இருந்துவிட்டான்.

“மூணு நாளா மில்லுக்கு நடந்தா போறீங்க? என் டயர் இங்க சும்மாத்தானே கிடந்தது. மாட்டிக்கிட்டுப் போயிருக்கலாமே, அண்ணே.”

ஃபெர்டோ தொப்பியைத் தலையில் வைத்து அழுத்திக்கொண்டார்.

“அதை நம்பி எவன்டா ஓட்டுவான்?”