இரண்டாவது சுரத்திலிருந்து

சின்ன கிதார் போன்ற யுகுலேலேயின் ஐந்தாவது கட்டத்தில் விரலை அழுத்தித் தந்தியைச் சுண்டினாள். முதல் சுரமான டோ வர வேண்டிய இடத்தில் மூன்றாவதான மி வந்தது.

"மியில ஆரம்பிச்சுட்டேன் போல," என்றாள், அவனைப் பார்க்காமல்.

எதிர் நாற்காலியில் அவள் கணவன் உட்கார்ந்திருந்தான். இடது கை கால்சட்டைப் பைக்குள் இருந்தது.

மாதக்கணக்கில் மருத்துவமனையில் கிடந்துவிட்டு நேற்று மாலைதான் அவள் வீட்டுக்கு வந்திருந்தாள். இன்று காலை பல் துலக்கியதும் முதலில் கேட்டது யுகுலேலேயைத்தான். மூளையில் ரத்தக் குழாய் அடைத்து வலது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. அதில் பாதிதான் திரும்பி வந்திருக்கிறது. வாத்தியத்தைத் தொட இன்னும் கொஞ்ச காலம் ஆகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவன் அதை நம்பித்தான் இருந்தான்.

அவள் இடக்கைக்காரி. மீட்டுவது இடது கை, தந்தியை அழுத்துவது வலது கை. விழுந்தது அழுத்துகிற கை.

அதனால்தான் எல்லாச் சுரத்தையும் விரலே பிடிக்க வேண்டிய சுர வரிசையாகப் பார்த்து எடுத்தாள். சோதித்தால் முழுசாகச் சோதித்துவிட வேண்டும் அவளுக்கு. சுருதி அவன் சேர்த்துக் கொடுத்திருந்தான்.

மறுபடி. மி. அதற்கு மேலே ஒன்று. அடுத்த தந்திக்கு மாறியதும், ஏற வேண்டிய சுரம் தொப்பென்று கீழே விழுந்தது.

பள்ளியில் குழந்தைகளுக்கு அவள் சொல்வதுண்டு: ஏழு சுரமும் அதேதான், எதிலிருந்து கிளம்புகிறோமோ அதைப் பொறுத்து மோடு, அதாவது சுர வரிசையின் சாயல், மாறும், வீடு ஒன்று, வாசல்தான் வேறு. இப்போது கேட்டது எந்த வாசலும் இல்லை. சுவரில் போய் முட்டிக்கொண்ட மாதிரி இருந்தது.

வலது கையை யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சாமான் போல மடியில் வைத்துக்கொண்டாள்.

"பழகாமலே பழகினேன்னு சொல்ற பிள்ளைங்கள, விரல் நுனியைத் தொட்டுப் பாத்தே பிடிச்சவ நான். இப்ப என் விரல் எங்க போகுதுன்னு எனக்கே தெரியல. அந்தப் போனை எடுங்க. ஸ்கூல்ல வேற டீச்சரைப் பாத்துக்கச் சொல்லிடறேன்."

போன் அவனுக்குப் பக்கத்து மேசையில் இருந்தது. வலது கையால் எடுத்தான். கொடுக்கவில்லை.

"கை சரியாத்தான் இருக்கு, டீச்சர்." வீட்டிலும் அவளை அப்படித்தான் கூப்பிடுவான். "கம்பிதான் தப்பு. நீ வர்றதுக்குள்ள புதுசு போட்டு வைக்கலாம்னு பாத்தேன். வலக்கைக்காரங்களுக்குப் போடற மாதிரி மாத்திப் போட்டுட்டேன்."

விரலே வைக்காமல் நான்கு தந்திகளையும் ஒவ்வொன்றாகச் சுண்டிப் பார்த்தாள். மேலே இருக்க வேண்டியது கீழே இருந்தது, கீழே இருக்க வேண்டியது மேலே. பார்வைக்கு நான்கும் ஒரே வெள்ளை.

சிரித்தாள். அது பாதியில் அழுகையாகி, மறுபடி சிரிப்பானது.

"கண்ணாடிக் கடை வச்சிருக்கிற மனுஷன். இத்தனை வருஷத்துல ஒரு ஆளுக்காவது இடக்கண்ணு பவரை வலக்கண்ணுல மாட்டிக் குடுத்திருப்பீங்களா? பொண்டாட்டின்னா மட்டும் இடது வலது தெரியாது."

"ஆமா," என்றான்.

"உயிரே போயிடுச்சு எனக்கு. கிள்ளி வைக்கணும் உங்கள. குடுங்க கையை."

வலது கையில் போன் இருந்தது. பைக்குள் இருந்த இடது கையை அவளே வெளியே இழுத்தாள்.

கிள்ளவில்லை. பழக்க தோஷம், கட்டைவிரல் அவன் விரல் நுனிகளின் மேல் போனது. ஆள்காட்டி விரல். நடுவிரல். மோதிர விரல். மூன்றிலும் தோல் தடித்துக் காய்த்திருந்தது. நேற்று முந்தாநாள் வந்த காய்ப்பு இல்லை அது.

சிரிப்பு அடங்கியது.

அவள் கண் திறக்காமல் கிடந்த முதல் வாரம், மருத்துவமனையிலிருந்து திரும்பும் வழியில் வாத்தியக் கடைக்குப் போயிருந்தான். கடைக்காரர் யுகுலேலேயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார், "இது இடக்கைக்குக் கட்டினதாச்சே. மாத்திட்டா அவங்க எப்படி வாசிப்பாங்க?"

"அவங்க இனிமே வாசிக்க மாட்டாங்க."

வீட்டில் சத்தமே இல்லாததைத் தாங்க முடியாமல்தான் தானே வாசிக்கப் பழகினான். பிறகு அவள் கண் திறந்தாள், பேசினாள், விரலை அசைத்தாள். அவனால் பழகுவதை நிறுத்த முடியவில்லை. மறுபடி அவள் கைக்கு மாற்றிப் போடுவதற்கு வாங்கிய புதுத் தந்தி பிரிக்காமல் அலமாரியில் கிடந்தது.

அவள் எப்போது என்று கேட்கவில்லை. ஏன் என்றும் கேட்கவில்லை. கையை விட்டாள். யுகுலேலேயை எடுத்து அவன் மடியில், வலக்கைக்காரர் பிடிக்கும் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

"வாசிங்க."

வாசித்தான். டோவிலிருந்து டோ வரை.

"இப்ப ரெண்டாவது சுரத்துல இருந்து."

மாதக்கணக்கில் பழகியவனுக்குத்தான் அது வரும்; தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஓரிடத்திலாவது விரல் பிசகிவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டே ஆரம்பித்தான்.

எங்கேயும் பிசகவில்லை.