மண் தின்றவள்

"வயித்துல புள்ளைய வச்சிக்கிட்டு மண்ணத் தின்னா, பொறக்குற புள்ளைக்கு வயிறு வீங்காம வேற என்ன ஆவும்?"

விருத்தாசலத்தில் அந்தக் குழந்தைகள் ஆஸ்பத்திரி வராண்டா முழுக்கக் கேட்கிற மாதிரிதான் வீராயி கேட்டாள். மருமகளைத் திட்டுவதற்கு அவளுக்கு மைக் தேவையில்லை.

பூர்ணிமா தலை நிமிரவில்லை. பீங்கான் பொம்மைக் கம்பெனியில் அச்சில் களிமண் ஊற்றுகிற வேலை அவளுக்கு. மசக்கையில் அந்த வெள்ளை மண்ணை ஆசை ஆசையாகத் தின்றது நிஜம். மாமியார் பார்த்துவிட்டு அவள் கையைத் தட்டிவிட்ட பிறகும் ஒளித்துவைத்துத் தின்றாள். இப்போது பிறந்த குழந்தை இன்னும் மலம் கழிக்கவில்லை. பச்சை பச்சையாக வாந்தி எடுக்கிறது. வயிறு கல்லாக இருக்கிறது. பெற்றவளுக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

அம்மாவை அடக்கப் பார்த்துத் தோற்றுப்போனான் பூர்ணிமாவின் புருஷன் பிரபாகரன். வீராயி பக்கத்து பெஞ்சுப் பெண்களிடமும் நியாயம் கேட்டாள். அவர்களும் பூர்ணிமாவை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

டாக்டர் வாசுகி எக்ஸ்ரேயோடு வந்தார். மண்ணுக்கும் இதற்கும் துளிகூடச் சம்பந்தமில்லை என்றார். பிறவியிலேயே குடலின் கடைசிப் பகுதியில் நரம்பு இல்லை, அதனால் அது மலத்தைத் தள்ளாது. அந்தப் பகுதி கொஞ்ச நீளம்தான் என்றால் இங்கேயே குடலைக் கழுவிவிட்டு, நிதானமாக ஆபரேஷனுக்கு அனுப்பலாம். நீளம் அதிகமென்றால் கழுவினாலும் கேட்காது. இப்போதே ஆபரேஷனுக்குப் பாண்டிச்சேரிக்குக் கிளம்ப வேண்டும், தாமதித்தால் உயிருக்கே ஆபத்து. ஆனால் எவ்வளவு நீளமென்று எக்ஸ்ரேயில் சரியாகத் தெரியவில்லையாம்.

"உங்க குடும்பத்துல வேற யாருக்காவது பொறந்ததும் இப்படி இருந்துச்சா? இருந்திருந்தா, நீளமா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்."

பூர்ணிமா தன் பிறந்த வீட்டில் யாருக்கும் இல்லை என்றாள். தான்தான் மூத்த பிள்ளை, தனக்கு அப்படி எதுவும் இருந்ததில்லை என்றான் பிரபாகரன்.

வீராயி மட்டும் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "மண்ணால இல்லன்னு நெசமாவே சொல்றீங்களா?"

இன்னும் விடமாட்டேன் என்கிறாளே என்று பிரபாகரனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மா தின்கிற மண் வயிற்றுப் பிள்ளையின் குடலுக்குப் போகவே போகாது என்று டாக்டர் பொறுமையாக மறுபடி சொன்னார்.

வீராயி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"பாண்டிக்கே அனுப்பிடுங்க. இவனுக்கு முன்னாடி எனக்கு ரெண்டு பொறந்துச்சுங்க. ரெண்டும் இதே மாதிரி வயிறு வீங்கித்தான் போச்சுங்க."

தனக்கு முன்னால் பிறந்தவர்கள் இருந்தார்கள் என்பதே பிரபாகரனுக்கு இப்போதுதான் தெரியும். டாக்டர் அவசரமாக ஆம்புலன்சுக்குப் போன் போட்டார்.

அவர் பேசி முடிக்கும்வரை வீராயி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நானும் பீங்கான் கம்பெனிக்குப் போனவதான். நானும் மண்ணு தின்னவதான்." அவள் குரல் பக்கத்து பெஞ்சுக்குக்கூடக் கேட்கவில்லை. "அப்ப, அதுங்கள நான் கொல்லலியா டாக்டரம்மா?"